அறுபத்திரண்டு வாங்கியவர்கள்

கம்ப்யூட்டர் துறைத் தலைவருக்குப் பீரோ சாவியால் காது குடையும் பழக்கம். குடைந்து முடித்ததும் சாவி நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு அதையே, "இந்தாங்க மேடம், பீரோவைத் திறந்துக்கோங்க" என்று நீட்டுவார். அந்தச் சாவியைக் கைக்குட்டைக்குள் வாங்குகிற ஒரே ஆசிரியை அவள்தான். மற்றவர்கள் வெறுங்கையால் வாங்கினார்கள். அதே கையால் பிஸ்கட்டும் எடுத்துத் தின்றார்கள்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அம்பு மேடம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பலகையின் இடப்பக்கம் பெயர்களை எழுதுவாள். வலப்பக்கம் பெட்டிகள் போடுவாள். பெயரிலிருந்து பெட்டிக்கு அம்பு இழுப்பாள். பாடம் முடியும்போது பலகை போர்க்களம் போல இருக்கும். அதை அழிக்கக் கல்லூரி டஸ்டரை எடுத்தால், தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி கையில் பிசுபிசுக்கும். அதனால் வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு துணி கொண்டுவருவாள்.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். "கண்ணுக்குக் கண்ணாடி விக்கிறேன். உன் மூக்குக்கு என்னத்த விக்கிறதுன்னுதான் தெரியல" என்பான். எதையும் சிரித்துக் கரைத்துவிடுகிற ஆள். அவளால் அது முடியாது. ஒரு நாற்றம் பட்டால் நாள் முழுக்க அதோடுதான் இருப்பாள்.

ஆனால் அவளை அதிகம் குமட்டவைத்தது அழுக்கு அல்ல, லேப் நோட்டுகள். எப்போதோ படித்துவிட்டுப் போன யாரோ ஒரு சீனியர் எழுதியதைப் பார்த்துப் பார்த்து வருஷா வருஷம் எழுதினார்கள். அந்தப் புண்ணியவான் ஓரிடத்தில் ‘ஆப்ஜெக்ட்’ என்பதை ‘ஆப்ஜெட்’ என்று எழுதியிருந்தான் போலும். அந்த ‘ஆப்ஜெட்’ குடும்பச் சொத்து மாதிரி ஒரு எழுத்துக் குறையாமல் இறங்கி வந்தது. அவள் சிவப்பு மையால் வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் துறைத் தலைவர் ஆள் அனுப்புவார்.

"சரி சரி, விடுங்க மேடம். எல்லாரும் எழுதுறதுதானே."

எதற்கும் இரண்டு ‘சரி’ போடுவதால் அவருக்குச் சரிசரி சார் என்று பெயர்.

"ஒருத்தன் மென்னு துப்பினதை இன்னொருத்தன் வாயில போட்டுக்கிற மாதிரி இருக்குங்க" என்று வீட்டில் வந்து சொல்வாள்.

"சாப்பிடுறப்பவா சொல்லணும்?" என்று கணவன் தட்டை நகர்த்துவான்.

ஆண்டுதோறும் ஒரு பாடத்துக்காக மட்டும் அவள் காத்திருப்பாள். பெயர் வேறு, பொருள் வேறு என்று சொல்லித்தரும் பாடம். அன்று அவள் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். முன்வரிசையில் யாரையாவது எழுப்புவாள்.

"உன் போன்ல அம்மா நம்பரை என்னன்னு போட்டு வெச்சிருக்கே?"

"அம்மான்னுதான் மேடம்."

"அதே நம்பரை ‘அவசரம்’னு இன்னொரு பேர்லயும் போட்டு வை. இப்ப உனக்கு எத்தனை அம்மா?"

வகுப்பு சிரிக்கும். "ஒண்ணுதான் மேடம்."

"‘அவசரம்’கிற பேரை அழுத்தி, ‘நான் ஃபெயிலு’ன்னு சொல்றே. யாருக்குக் கோபம் வரும்?"

"அம்மாவுக்கு."

"அப்புறம் ‘அம்மா’ங்கிற பேரை அழுத்தினா கோபம் இல்லாத அம்மா எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க மேடம், அதே திட்டுதான் விழும்."

"அவ்வளவுதான் பாடம். நடுவுல ஈக்குவல் போட்டா இன்னொரு ஆள் பொறக்க மாட்டாங்க. இன்னொரு அம்புதான் பொறக்கும். இன்னொரு ஆள் வேணும்னா ‘நியூ’ன்னு எழுதி நீங்கதான் உண்டாக்கணும்."

பாதிப் பேருக்குப் புரியும். அந்தப் பாதி அவளுக்குப் போதும். மீதிப் பேரில் ஒருவன், பல வருஷங்களுக்கு முன்னால், கையைத் தூக்கி, "இது பரீட்சைக்கு வருமா மேடம்?" என்று கேட்டிருந்தான். வரும் என்றதும் வரிக்கு வரி உருப்போட்டு முதல் மார்க் வாங்கினான். அவனுக்கு டாப்பர் என்றே பெயர் நிலைத்தது. படித்து முடித்ததும் சரிசரி சார் அவனைக் கல்லூரியிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். கல்லூரிக்கான மார்க் ப்ரோக்ராமை அவன்தான் எழுதினான். மார்க்கைப் பதிந்தால் போதும், பெற்றோர் போனுக்குத் தானாகவே மெசேஜ் போகும். அதற்காக மேடையில் நிறுவனர் கையால் கேடயம் வாங்கினான். அவன் அறைக்குள் போனால் நேற்றுப் போட்ட சட்டையின் மேல் இன்று அடித்த சென்ட் வாசனை வரும். அம்பு மேடம் வாசலோடு நின்று பேசிவிட்டு வந்துவிடுவாள்.

அந்த வருஷம் முதலாண்டு ரிசல்ட் வந்த அன்று ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். வரலாறு காணாத தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டினார்கள். அவள் பாடத்தில் ஒருவர் கூட ஃபெயில் இல்லையாம். சரிசரி சார் தன் விரலால் ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எல்லாம் உங்க உழைப்பு மேடம்."

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. விடைத்தாள்களைத் திருத்தியவள் அவள். எழுதியவர்களில் யாரும் ஃபெயில் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் சிலர் பரீட்சைக்கே வரவில்லையே, அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு சந்தேகம். கேக்கைக் காகிதத்தில் வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தாள். அதன் மேல் ஈ வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். நீலச் சட்டை, நெஞ்சில் லிஃப்ட் கம்பெனிப் பட்டை, நகக்கண்ணில் கிரீஸ் கருப்பு. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அம்பு மேடம்னு பையன் சொல்வான். அது நீங்கதானுங்களா?"

"ஆமா, உள்ள வாங்க. எந்தப் பையன்?"

அவர் போனை எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்து, அவளிடம் கொடுத்தார். ‘வாழ்த்துகள்! தங்கள் மகன் ப்ரோக்ராமிங் அறிமுகப் பாடத்தில் 62 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்துள்ளார்’ என்று மெசேஜ். கீழே பையனின் பெயர்.

பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். கடைசி வரிசைப் பையன். பரீட்சைக்குச் சில வாரங்கள் முன்னால் பைக்கில் போனவன் லாரியில் மோதி அங்கேயே இறந்துபோனான். வகுப்பே ஒரு வாரம் சத்தமில்லாமல் இருந்தது.

"அவன் எழுதவே இல்லையே மேடம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். குரலை உயர்த்தவில்லை. "எழுதாமலே எப்படிப் பாஸ் ஆனான்?"

"இது ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் பாக்குறேன்."

"தப்புன்னு எனக்குத் தெரியுது. அவன் அம்மாவுக்குச் சொல்ல முடியல. காலையிலேர்ந்து ஒரே பேச்சு. பரீட்சை எழுதின பையன் ஒருத்தன் இருக்கான்ல, அப்ப நாம பொதைச்சது யாரை, நல்லாப் பாத்தீங்களான்னு கேக்குறா. முகம் அடையாளமே இல்லாம இருந்துச்சு மேடம். அந்தச் சந்தேகம் அவளுக்கு முன்னயே இருந்துச்சு. இப்ப இது வேற."

பின்னால் யாரோ கேக்கைக் கடித்துக்கொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்பு மேடம் அவரை வெளியே வராண்டாவுக்கு அழைத்துப்போனாள். அந்தப் பையன் ஒரு நாள் வகுப்பில் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு பெட்டியைக் காட்டும் அம்பெல்லாம் போய்விட்டால் அந்தப் பெட்டி என்ன ஆகும் மேடம் என்று கேட்டான். நல்ல கேள்வி. அவள், "யாரும் தேடாததைக் குப்பைன்னு மெஷினே பெருக்கிடும்" என்று சொல்லியிருந்தாள். பாடத்துக்கு அது சரியான பதில். இப்போது நாக்கில் கசந்தது.

"ரெண்டு நாள் டைம் குடுங்க. நானே வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் டாப்பரின் அறைக்குப் போனாள். அன்று வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பரீட்சைக்கு வராதவங்க மார்க்கை எல்லாம் காட்டு."

திரையில் வரிசையாக வந்தது. எல்லோருக்கும் அறுபத்திரண்டு. எல்லோரும் பாஸ்.

"ப்ரோக்ராமைத் திற."

"எதுக்கு மேடம்? அதெல்லாம் ஓடிட்டுதானே இருக்கு?"

"செத்தவனுக்கு மார்க் போட்டுட்டு ஓடுது. திற."

அவன் திறந்தான். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மாணவர்களை ஒவ்வொருவராக எடுக்கும் சுற்றுக்கு வெளியே, முன்னாலேயே, ‘வரவில்லை, பூஜ்யம்’ என்று ஒரே ஒரு மார்க் பெட்டியை அவன் உண்டாக்கியிருந்தான். சுற்றுக்குள்ளே, யாரெல்லாம் வரவில்லையோ அவர்களுக்கெல்லாம் ஈக்குவல் போட்டு அதே பெட்டியைக் கொடுத்திருந்தான்.

"இது ஆளுக்கொரு பெட்டின்னு நெனச்சியா?"

"ஈக்குவல் போட்டா காப்பி ஆகிடும்ல மேடம்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இதே வாக்கியத்துக்கு நேர் எதிரானதை இவன் பரீட்சையில் அழகான கையெழுத்தில் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தான்.

"இருக்கிறது ஒரே பெட்டி. அத்தனை பேரோட அம்பும் அதுலதான் குத்தி நிக்குது. யாரும் தொடாத வரைக்கும் தெரியாது. யாரோ தொட்டிருக்கீங்க. யாரோட மார்க்கை மாத்தினே?"

டாப்பர் கதவைப் பார்த்தான். "சார் சொன்னாரு மேடம்."

"யாரோடதுன்னு கேட்டேன்."

"நிறுவனரோட மச்சான் மகன். டூர் போயிட்டதால எழுத முடியல. அறுபத்திரண்டு போடச் சொன்னாரு. ரொம்பப் போட்டா சந்தேகம் வரும்னு."

ஒருவனுக்குப் போட்ட திருட்டு மார்க், அம்மை போட்டுப் படுத்தவளுக்கும், படிப்பை விட்டுப் போனவனுக்கும், மண்ணுக்குள் இருப்பவனுக்கும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அதற்குத்தான் பேனர்; அதற்குத்தான் கேக். சென்ட் வாசனை அவள் தொண்டை வரைக்கும் இறங்கியது. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்று மதியமே நிறுவனர் அறையில் பேச்சு நடந்தது. குளிரூட்டிய அறை, ஈரக் கம்பள நாற்றத்தை மறைக்க மல்லிகை வாசனை தெளித்திருந்தார்கள், இப்போது இரண்டும் சேர்ந்து அடித்தது. நிறுவனர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விதைகளை உள்ளங்கையில் துப்பி, மேஜை விளிம்பில் வரிசையாக வைத்தார்.

"நாலு பிள்ளைங்க கூடப் பாஸானா யாருக்குங்க நஷ்டம்?" என்றார்.

"செத்துப்போன பையன் பாஸாகியிருக்கான் சார். அவங்க அம்மா தவிச்சுக் கெடக்கிறாங்க."

"அடப்பாவமே. அப்ப அதை மட்டும் எடுத்துடுங்க."

"அதை மட்டும் எடுக்க முடியாது. எல்லாம் ஒரே பெட்டி. ஒருத்தரோடதைத் தொட்டா அத்தனை பேருக்கும் மாறும். முதல்ல ப்ரோக்ராமைச் சரி பண்ணணும். அப்புறம் எல்லாருக்கும் ‘வரவில்லை’ன்னு போடணும். எல்லாருக்கும் சார்."

‘எல்லாருக்கும்’ என்பதை அவள் இரண்டாவது முறை சொன்னபோது நிறுவனர் சுளையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். சரிசரி சார் உடனே குறுக்கே வந்தார்.

"சரி சரி, மேடம் டென்ஷன்ல இருக்காங்க. நம்ம பையன் பாத்துப்பான் சார். சின்ன வேலை."

அந்தச் சின்ன வேலையை டாப்பர் அன்று மாலையே செய்தான். அவள் சொன்னது அவனுக்கு எட்டவில்லையா, எட்டியும் சரிசரி சார் அவசரப்படுத்தினாரா, அவளுக்குக் கடைசி வரை தெரியாது. இறந்த பையனின் பெயரைத் திறந்தான். ‘நிலை’ என்ற இடத்தில் ‘தேர்ச்சி’யை எடுத்துவிட்டு ‘காலமானார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். பொத்தானை அழுத்தினான். ப்ரோக்ராம் தன் கடமையைத் தவறாமல் செய்தது. பரீட்சைக்கு வராத அத்தனை பேர் வீட்டுக்கும் மெசேஜ் பறந்தது. ‘தங்கள் பிள்ளையின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். அன்னாரது பெயர் கல்லூரிப் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது.’

அம்மை வந்து இறங்கி, அத்தை வீட்டில் தங்கித் தேறிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். நிறுவனரின் மச்சான் முடிவெட்டும் நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தார். கழுத்தில் கட்டிய துணியை அவிழ்க்காமலே தெருவில் ஓடினார். மகன் வீட்டில் கவிழ்ந்தடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவனை எழுப்பி, கன்னத்தில் நாலு வைத்து, பிறகு கட்டிக்கொண்டு அழுதாளாம். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது.

லிஃப்ட் மெக்கானிக் போனுக்கும் அந்த மெசேஜ் போயிற்று. மகன் இறந்தபோது கல்லூரி அவர்களுக்கு ஒரு வரி கூட அனுப்பவில்லை. முதல் இரங்கல் இப்படித்தான் வந்தது.

மறுநாள் காலை கேட்டில் கூட்டம். யாரோ பேனரைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்தார்கள். நிறுவனர் அம்பு மேடத்தைக் கூப்பிட்டார். முந்தைய நாள் துப்பிய விதைகள் மேஜை விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தன.

"நீங்க பாடம் எடுத்த பையன்தானே மேடம் இவன்? நீங்க ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவள் சரிசரி சாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். டாப்பர் தன் போனைப் பார்த்தான்.

"சரி பண்ணித் தர்றேன்" என்றாள். கேட்டில் நிற்கும் பெற்றோருக்காகத்தான் ஒப்புக்கொண்டாள். அந்த மெசேஜ் இன்னும் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் கூட இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

டாப்பரின் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேலை பெரிதல்ல. பெட்டியை உண்டாக்கும் வரியைச் சுற்றுக்குள்ளே கொண்டுவந்தாள். வராத ஒவ்வொருவருக்கும் அவரவருக்கென்று ஒரு புதுப் பெட்டி. பிறகு ஒருத்தரை மாற்றிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர் மாறவில்லை. இன்னொருவரை மாற்றினாள், மற்றவர் அசையவில்லை. எல்லோரையும் ‘வரவில்லை’ என்று திருப்பினாள். இறந்த பையனுக்கு மட்டும் உண்மையை எழுதி, அவன் வீட்டுக்கு மெசேஜ் போகாமல் நிறுத்தினாள். மற்ற வீடுகளுக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்பினாள். அந்த இரண்டு வரியை யாரும் அவளுக்கு எழுதித் தரவில்லை. அந்த முற்பகலில் சற்று நேரம், அந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக, அவளுக்கு எதுவும் நாறவில்லை.

சரிசரி சார் பின்னால் வந்து நின்றார்.

"அப்ப இனிமே ஒருத்தரை மாத்தினா மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது சார். அவங்கவங்களுக்குத் தனித்தனி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி சரி. ரொம்ப நல்லது." அவர் டாப்பருக்குக் கண்ணைக் காட்டினார். டாப்பர் அவளுக்கு முன்னால் கையை நீட்டி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். மச்சான் மகன் பெயரைத் திறந்தான். அறுபத்திரண்டு என்று அடித்தான். தேர்ச்சி. அழுத்தினான். அவன் ஒருவன் மட்டும் மாறினான். மற்ற எல்லோரும் ‘வரவில்லை’ என்றே நின்றார்கள்.

"இப்பதான் சுத்தமா இருக்கு" என்றார் சரிசரி சார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அவள் எழுந்து போனாள். கழிப்பறையில் குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குமட்டிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. அந்தத் தப்பு இருந்தவரை அவர்களால் ஒரு திருட்டைக்கூட ஒளித்துச் செய்ய முடியவில்லை. ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் போயிற்று, ஒருவனைத் தொட்டால் எல்லோரும் அலறினார்கள். அதை அவள் திருத்திக் கொடுத்துவிட்டாள்.

மாலையில் கடையில் கணவன் ஒரு பிரேமில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாக்கடைத் தண்ணிக்குக் குழாய் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கேங்க. ஒரு சொட்டு ஒழுகாம இப்ப நேரா அவங்க வீட்டுக்குப் போகுது."

அவன் அன்று ஜோக் அடிக்கவில்லை. லென்ஸைத் துணியில் துடைத்தான். "மார்க் ஷீட்ல கையெழுத்து யாரு போடணும்?"

"பாடம் எடுத்தவ. நான்தான்."

"போடாதே. வேலை போனா போகட்டும், கடை இருக்கு. அதுக்காக வேலையை விடுன்னும் சொல்லல. கையெழுத்தை மட்டும் போடாதே."

அடுத்த நாள் லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மாடியேறினாள். ஒரே கூடம், ஒரு மூலையில் பையனின் படிப்பு மேஜை, மேலே மடித்த போர்வைகள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த போன்.

அம்பு மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நான் அவனுக்குப் பாடம் எடுத்தவ. அந்தப் பரீட்சையை உங்க பையன் எழுதல. அவன் பேப்பர்னு ஒண்ணு இல்லவே இல்லை. நான்தான் எல்லா பேப்பரும் திருத்தினேன், எனக்குத் தெரியும். உங்களுக்கு வந்தது கம்ப்யூட்டர்ல ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க செஞ்ச தப்பு."

அம்மா போனில் அந்த மெசேஜை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்த அறுபத்திரண்டு யாரோடது?"

"வேற ஒரு பையனோடது. அவனும் எழுதி வாங்கினது இல்ல."

"திருட்டு மார்க்கா?"

"ஆமாம்மா."

அம்மா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். தொட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு செய்கையில் அம்பு மேடத்துக்கு அவள்மேல் ஏனோ ஒரு ஒட்டுதல் வந்தது.

"அவன் எழுதியிருந்தா எவ்வளவு வாங்கியிருப்பான் மேடம்?"

பெரிதாக ஒரு எண் சொல்லியிருக்கலாம். கேட்டவள் அதைத்தான் எதிர்பார்க்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

"பாஸ் பண்ணியிருப்பான். பெரிய மார்க்னு சொல்ல மாட்டேன். உருப்போட மாட்டான், அதனால குறையும். ஆனா மத்தவங்க கேக்காததைக் கேப்பான். அவன் நோட்டுல ஏகப்பட்ட எழுத்துப் பிழை. எல்லாம் அவன் சொந்தப் பிழை, யாரையும் பாத்து எழுதினது இல்ல."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுது முடித்ததும் அம்மா எழுந்து டீ போட்டாள். அதன் பிறகு மண்ணுக்குள் இருப்பது யார் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை என்று மெக்கானிக் பின்னொரு நாள் சொன்னார்.

மார்க் ஷீட் வந்தபோது அம்பு மேடம் கையெழுத்துப் போடவில்லை. சரிசரி சார் முதலில் கெஞ்சினார். "ஒரு கையெழுத்துதானே மேடம், கையா தேயப்போகுது?" பிறகு அவரே போட்டுக்கொண்டார். அவள் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயர் போட்டே எழுதினாள். மூவர் கொண்ட குழு வந்தது. நிறுவனர் அறையில் விருந்து சாப்பிட்டது. பல் குத்திக்கொண்டே அவளை விசாரித்தது. தொழில்நுட்பக் கோளாறு கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது என்று எழுதிவிட்டுப் போயிற்று. அவளிடமிருந்து முதலாண்டுப் பாடத்தைப் பிடுங்கிக் கல்லூரிப் பஸ் கமிட்டியில் போட்டார்கள். எந்தப் பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பது வேலை. வருஷக் கடைசி வரை அதைச் செய்துவிட்டு விலகினாள்.

மச்சான் மகன் பட்டம் வாங்கினான். டாப்பருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சரிசரி சார் முதல்வரானார்.

அவள் இப்போது ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறாள். அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ப்ரோக்ராம்கள் என்பதால் யாரும் அவளிடம் ‘சரி சரி’ என்பதில்லை. "குமட்டலுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே இடம்" என்று கணவன் வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுகிறான்.

போன மாதம் ஒரு மதியம் புது நம்பரிலிருந்து அழைப்பு. டாப்பர்.

"மேடம், ஒரு டவுட்டு. போன வருஷத்து லிஸ்ட்டைக் காப்பி எடுத்து இந்த வருஷத்துக்கு மாத்துறேன். ‘நியூ’ போட்டுத்தான் எடுத்தேன். ஆனாலும் போன வருஷத்து மார்க்கும் சேர்ந்து மாறுது. ஏன் மேடம்?"

வைத்துவிட நினைத்தாள். ஆனால் ஒரு தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டுப் போக அவளுக்கு வரவில்லை. பேப்பரை எடுத்து, போனில் அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தும், பெட்டி போட்டாள்.

"வெளிப்பெட்டி மட்டும்தான் புதுசு. உள்ள இருக்கிற அம்பெல்லாம் பழைய ஆளுங்களைத்தான் காட்டுது. லிஸ்ட்டைக் காப்பி எடுத்தா பத்தாது. உள்ள இருக்கிற ஒவ்வொருத்தரையும் தனியாப் புதுசா உண்டாக்கணும். கேக்குதா?"

"கேக்குது மேடம், சொல்லுங்க" என்றான் அவன். வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தான்.